இரண்டு கூற்றும் தேவையில்லை

தட்டை மூடியிருந்த சரிகைத் துணியைச் சல்மா உம்மா விலக்கினார். மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த தட்டு. ஒரு பக்கம் கோழிக்கூட்டு வாழைப்பழச் சீப்பு, மறு பக்கம் மஸ்கட் இனிப்புப் பெட்டி. நடுவில் தங்க நிறத் தாளில் சுற்றி, சிவப்பு நாடா கட்டி, செங்கல் கனத்தில் ஒரு பொதி இருந்தது. மகளுக்குச் சேலை வந்திருக்கிறது என்று நினைத்து அவர் நாடாவை அவிழ்த்தார். உள்ளே பழைய பரீட்சை வினாத்தாள்கள் இருந்தன.

"இதென்ன மதினி?" என்று சல்மா உம்மா கேட்டார்.

மாப்பிள்ளையின் தாய் பௌசியா கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "எஞ்சினியர் சோதினப் பேப்பர். கணக்கு, லொஜிக், சயன்ஸ் எல்லாம் இரிக்கி. நம்மட ஜுனைட்டுக்கு ஒருக்காச் செஞ்சி குடுத்தா ஸுஹைறா மகளுக்கும் பொழுது போகும்தானே. நாளைக்கு அவட மாப்பிள்ளதானே எஞ்சினியராகப் போறாரு."

உள்ளறைத் திரைக்குப் பின்னால் நின்ற ஸுஹைறாவுக்கு முகம் கொதித்தது. அந்தப் பரீட்சையை எழுத வேண்டும் என்று போன கிழமைதான் அவள் வாப்பாவிடம் கெஞ்சிக் கேட்டு, முடியாது என்ற பதிலை வாங்கியிருந்தாள். எழுதக் கூடாத பரீட்சை இப்போது நாடா கட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டது. அவள் எழுதுவதற்காக அல்ல; இன்னொருவன் எழுதுவதற்காக அவள் படித்துக் கொடுக்க.

வாப்பா ஜவுபர் ஹாஜியார் கெட்ட மனிதர் அல்ல. கல்முனையில் அவருக்குச் சிமெந்துக் கடை இருந்தது, ஊருக்கு மேற்கே நாலு ஏக்கர் வயல் இருந்தது, இரண்டு பெண் பிள்ளைகள் இருந்தார்கள். இந்தக் கரையில் பெண் பிறந்தால் வீடு கட்ட வேண்டும். மாப்பிள்ளை சாரமும் சட்டையுமாகப் பெண் வீட்டுக்குக் குடிவருவார். கட்டிய வீட்டில் வந்து ஏறிக்கொண்டு, சுவரில் ஆணி அடித்ததையே பெரிய வேலையாகச் சொல்லிக்கொண்டு காலம் கழிப்பார். ஹாஜியாரும் அப்படித்தான் வந்து ஏறியவர். ஆகவே அதில் அவருக்குக் குறை தெரியவில்லை.

மூத்தவள் ஸுஹைறாவுக்குக் கீழ்வீடு முடிந்திருந்தது. கூரைத் தட்டில் துருப்பிடித்த கம்பிகள் வானத்தைப் பார்த்து நின்றன. அவை இளையவள் றாஹிலாவுக்காக விட்டவை. அவள் வளர்ந்து ஆளானதும் அந்தக் கம்பியிலிருந்து மேல்வீடு எழும்பும். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் தெருவோரத்து மொட்டைமாடிகளைப் பார்த்தால் போதும், எந்த வீட்டில் எத்தனை பெண் பிள்ளைகள் மிச்சம் என்று தெரிந்துவிடும்.

ஸுஹைறா உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவு படித்தவள். பல்கலைக்கழகத்துப் பொறியியலுக்கு மயிரிழையில் இடம் தவறியது. கொழும்புப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்று தனியாக நுழைவுப் பரீட்சை வைக்கிறது என்றும், எழுதினால் அவளுக்கு நிச்சயம் கிடைக்கும் என்றும் சொன்னவர் அவளுக்குக் கணக்குப் படிப்பித்த காரைதீவுத் தனஞ்சயன் சேர். அவள் ஓடி வந்து வாப்பாவிடம் சொன்னாள். ஹாஜியார் கல்குலேட்டரைக் கூடத் தொடாமல் கணக்குப் பார்த்தார்.

"எஞ்சினியர் பொண்ணுக்கு எஞ்சினியருக்கு மேல ஒரு மாப்பிள வேணும் மகள். மேல ஆரு இரிக்கான்? டொக்டர். டொக்டருக்கு ஒரு வீடு காணாது. நீங்க படிச்சி முடிக்கக்குள்ள நான் முடிஞ்சி போவன்."

பெண் படித்தால் அவளுடைய விலை ஏற வேண்டும் என்று உலகத்தில் வேறெங்காவது நினைப்பார்கள். இங்கே மாப்பிள்ளையின் விலைதான் ஏறுகிறது. இந்தக் கணக்கை எந்த வாத்தியாரும் படிப்பிப்பதில்லை, ஆனால் ஊரில் எல்லாருக்கும் மனப்பாடம்.

மாப்பிள்ளை ஜுனைட் இன்னும் எஞ்சினியர் இல்லை. எஞ்சினியர் படிப்புக்கான பரீட்சையைக் கூட இன்னும் எழுதவில்லை. ஆனால் எழுதப் போகிறான். அது போதுமாக இருந்தது. பயிர் கதிர் விடாமல் பொதியில் நிற்கும்போதே நெல்லுக்கு விலை பேசி வைப்பதுபோல, கலியாணத் தரகர் காலிதீன் அவனை முன்கூட்டியே பேசி வைத்துவிட்டார். பேச்சு இதுதான்: இப்போதைக்குக் கீழ்வீடு. ஜுனைட் பரீட்சையில் தேறினால் மேல்வீடும் கட்டி ஸுஹைறாவின் பேரில் எழுத வேண்டும். ஸுஹைறாவின் பேரில் என்றால் ஜுனைட்டின் கையில் என்று பொருள். அப்படியானால் றாஹிலாவுக்கு? அவளுக்கு அல்லாஹ் ஒரு வழி காட்டுவான் என்று ஜுனைட்டின் வாப்பா ஸலாஹுதீன் சொன்னார். ஸலாஹுதீன் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர். சீதனமாக வாங்கும் கைக்கூலி ஹறாம் என்று மேடை போட்டுப் பேசுகிறவர். பணம் கையில் வாங்கினால்தான் கைக்கூலி. வீடாக வாங்கினால் அது பெண்ணுக்கு வாப்பா கொடுக்கும் அன்பளிப்பு. சுவரும் கூரையும் உள்ள அன்பளிப்பு.

ஜுனைட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவன் உயர்தரத்தை இரண்டு முறை எழுதியவன். அவனுக்குப் படிப்பில் ஆசையில்லை. மோட்டார் சைக்கிள் எஞ்சினைக் கழற்றிப் பூட்டுவதில்தான் ஆசை. விரலெல்லாம் கறுப்பு எண்ணெயாக இருக்கும்போதுதான் அவன் முகம் மலர்ந்திருக்கும். ஆனால் மெக்கானிக்குக்கு மேல்மாடி கட்டிக் கொடுக்கிற மாமன் இந்தக் கரையில் இன்னும் பிறக்கவில்லை.

இப்படியாக ஸுஹைறாவின் பாடம் தொடங்கியது. நிகாஹ் ஆகாத பெண்ணும் ஆணும் நேரில் இருந்து படிக்க முடியாது. தொலைபேசியில் நேரடியாக அனுப்பவும் கூடாது. ஆகவே ஸுஹைறா கணக்குகளைச் செய்து படம் பிடித்துப் பௌசியாவின் தொலைபேசிக்கு அனுப்புவாள். பௌசியா அதை ஆராய்ந்து பார்த்து, ஒழுக்கக்கேடு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு மகனிடம் காட்டுவார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பௌசியா, பொறியியல் நுழைவுப் பரீட்சையைத் தணிக்கை செய்யும் பொறுப்பை இவ்வாறு ஏற்றுக்கொண்டார்.

ஒரு நாள் அவர் அழைப்பெடுத்தார்.

"மகள், இதென்ன கணக்கு? ஒரு ஆம்புள தனிய ஒரு சுவரக் கட்ட பன்ரெண்டு நாளாம். ஒரு பொம்புள கட்ட ஆறு நாளாம். ரெண்டு பேரும் சேந்து கட்டினா எத்தின நாளாம். நிகாஹ் முடியாத புள்ளைக்கு அனுப்புற கணக்கா இது?"

"பேப்பர்ல அப்பிடித்தான் இரிக்கி மாமி. நாலு நாள்."

"நாலு நாள் கிடக்கட்டும். ஆம்புளைக்குப் பன்ரெண்டு, பொம்புளைக்கு ஆறு. இது மாறி விழுந்திரிக்கி. திருத்தி அனுப்புங்க."

ஸுஹைறா ஆணையும் பெண்ணையும் எடுத்துவிட்டு 'க' என்றும் 'ங' என்றும் போட்டு அனுப்பினாள். அதன் பிறகு அந்தச் சுவர் மானத்தோடு எழும்பியது.

ஜுனைட்டைத் தடுக்கி விழுத்தியது தருக்கப் பகுதி. அதில் ஒரு வகைக் கேள்வி உண்டு. ஒரு கேள்வியையும் கீழே இரண்டு கூற்றுகளையும் தருவார்கள். விடை காண எந்தக் கூற்று வேண்டும் என்று சொல்ல வேண்டும். முதலாவது போதுமா, இரண்டாவது போதுமா, இரண்டும் வேண்டுமா, அல்லது 'ஈ', அதாவது இரண்டு கூற்றும் தேவையில்லையா? அடுத்தடுத்து வரும் இரண்டு எண்களைப் பெருக்கினால் விடை இரட்டை எண்ணா என்பது ஒரு கேள்வி. முதலாவது எண் ஒற்றை என்று ஒரு கூற்று. முதலாவது எண் இரட்டை என்று மறு கூற்று.

தாயின் தொலைபேசி வழியாக ஜுனைட்டின் குரல் முதன்முதலாக வந்தது. பக்கத்தில் பௌசியா மூச்சுவிடுவதும் கேட்டது. "ரெண்டு கூற்றும் தேவையில்லண்டா அத என்னத்துக்குத் தந்திரிக்கான்? சும்மா தருவானா?"

ஸுஹைறா குரல் பதிந்து அனுப்பினாள். "ஒற்றையாத் தொடங்கினாலும் அடுத்தது இரட்டை. இரட்டையாத் தொடங்கினாலும் அதுல ஒண்டு இரட்டை. எப்பிடிப் பெருக்கினாலும் விடை இரட்டதான். விடை முன்னமே முடிவாகிட்டு. கூற்று ரெண்டும் ஆக்கள ஏமாத்த."

"விளங்கல்ல" என்று பதில் வந்தது. ஏழு தடவை விளக்கியும் அந்தப் பதில்தான் வந்தது.

பரீட்சை நெருங்கியது. வருடத்தில் இரண்டு முறை அது நடக்கும். முன்பெல்லாம் வினாத்தாளை வீட்டுக்குக் கொண்டுவரலாம். போன வருடத்திலிருந்து மண்டபத்திலேயே திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள். இது பௌசியாவின் நித்திரையைக் கெடுத்தது. மகன் முதல் முறையில் தேறுவான் என்று அவருக்கே நம்பிக்கை இல்லை. தாய்க்குத் தெரியாத மகன் உண்டா? தவறினால் இரண்டாம் முறைக்கு என்ன கேள்வி வரும் என்று அறிய ஒரு வழி வேண்டும். மகனோ கேள்வியை வாசித்து முடிக்கும்போதே அதன் தொடக்கத்தை மறக்கிறவன். யோசித்து யோசித்து அவர் ஒரு திட்டத்தோடு ஹாஜியார் வீட்டுக்கு வந்தார்.

"ஹாஜியார், ஸுஹைறா மகளையும் ஒரு அப்ளிகேசன் போடச் செல்லுங்க. பாஸ் பண்ண இல்ல. சும்மா போய் இரிந்து கேள்வியளப் பாடமாக்கிட்டு வரட்டும். புள்ளைட மண்ட நல்ல மண்டதானே. அடுத்த முறைக்கு உதவும்."

ஹாஜியார் தாடியைத் தடவினார். "ஓம், அதுவும் செரிதான்" என்றார்.

மகள் தனக்காகக் கேட்டபோது டொக்டர் மாப்பிள்ளை, இரண்டு வீடு, தன் மௌத்து எல்லாம் வாப்பாவின் கண் முன்னால் வந்து நின்றன. மாப்பிள்ளையின் தாய் கேட்டபோது ஒன்றும் வரவில்லை. திரைக்குப் பின்னால் ஸுஹைறாவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அழுகையும் வந்தது. ஆனால் அவள் உடனேயே போய் விண்ணப்பத்தைப் போட்டாள். வேவு பார்க்கவோ வேறெதற்கோ, கதவு திறந்துவிட்டது. அதன் வழியாக எப்படி நுழைவது என்பது இனி அவளுடைய விஷயம்.

பரீட்சை மட்டக்களப்பில். ஸலாஹுதீனின் வேனில் போனார்கள். முன்னால் ஜுனைட், பின்னால் இரண்டு தாய்மார்களுக்கும் நடுவில் ஸுஹைறா. வழி நெடுக ஜுனைட்டுக்கு ஓதி ஊதிய தண்ணீர் கொடுக்கப்பட்டது. அவனுக்குப் பாலில் ஊறவைத்த பேரீச்சம்பழம் தனியாக வந்திருந்தது. வேவுகாரிக்கு ஒரு வாழைப்பழம் கிடைத்தது.

மண்டபத்திலிருந்து ஜுனைட் பாதி நேரத்தில் வெளியே வந்து, பக்கத்துக் கராஜ் ஒன்றில் எதையோ கழற்றிக்கொண்டிருந்தவனுக்கு உதவி செய்யத் தொடங்கிவிட்டான். ஸுஹைறா கடைசி மணி அடிக்கும் வரை இருந்தாள். வேனில் ஏறியதும் பௌசியா தொலைபேசியில் பதிவை அழுத்தி அவள் வாய்க்கு நேரே பிடித்தார்.

"செல்லுங்க மகள். ஒண்டும் விடாம."

அவள் சொன்னாள். காத்தான்குடியில் கணிதம் தொடங்கி, களுவாஞ்சிக்குடியில் தருக்கம் வந்து, பாண்டிருப்பில் விஞ்ஞானம் முடிந்தது. உயரத்தில் ஒரே மட்டத்துக்கு நீர் நிறைந்த இரண்டு தாங்கிகள், ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம். கீழே குழாயில் எதற்கு அழுத்தம் கூட என்று ஒரு கேள்வி. "பெரிய டேங்குக்குத்தான்" என்றார் பௌசியா, கேட்காமலே. "ரெண்டுக்கும் ஒண்டுதான் மாமி. உயரந்தான் கணக்கு, அகலமில்ல" என்றாள் ஸுஹைறா. இவ்வளவும் நினைவில் வைத்து விடையும் சேர்த்துச் சொல்லும் ஒருத்தி, விடைத்தாளில் என்ன எழுதியிருப்பாள் என்ற எண்ணம் வேனில் ஒருவருக்கும் வரவில்லை. அவளைப் பெற்ற சல்மா உம்மாவுக்கு மட்டும் வந்தது. அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, வெளியே தெரிந்த வயலைப் பார்த்தபடி வந்தார்.

பெறுபேறு ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வந்தது. தொலைபேசியைப் பார்த்த றாஹிலா கத்திய கத்தலில் அடுப்படியில் பூனை பாய்ந்தோடியது. "ராத்தா! ராத்தா! உங்கட நம்பர் மேல இரிக்கி!"

ஜுனைட்டின் இலக்கம் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

சல்மா உம்மா மகளைக் கட்டிப்பிடித்து நெற்றியில் முத்தமிட்டார். ஹாஜியார் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். இரண்டாவது மூச்சிலேயே அவர் முகம் வாடியது. "இனி அவங்க வருவாங்க" என்றார்.

அவர்கள் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தார்கள். ஸலாஹுதீன், பௌசியா, தரகர் காலிதீன், வாசலோடு நின்றுகொண்ட ஜுனைட். தேநீர் வந்தது. தொதல் வந்தது. இரண்டையும் உண்டு முடித்த பிறகுதான் ஸலாஹுதீன் தொண்டையைச் செருமினார்.

"நடந்தது நடந்து போச்சு ஹாஜியார். நாங்க பேச்ச முறிக்க வரல்ல. நாங்க அப்பிடியான ஆக்களில்ல."

"ஓம், ஓம்" என்றார் காலிதீன்.

"ஆனா ஊர் என்ன செல்லும்? பொஞ்சாதி எஞ்சினியர், மாப்பிள்ள சோதினையில பெயில். என்ட மகன் பள்ளிக்குப் போனா ஆக்கள் சிரிக்க மாட்டாங்களா? அந்தக் குறைய ஆரு ஈடு கட்டுற? ஆனபடியா மேல்வீட்டயும் சேத்து எழுதினா அவனுக்கும் ஒரு மதிப்பாரிக்கும்."

ஹாஜியார் மெதுவாகச் சொன்னார்: "பாஸ் பண்ணினா எண்டுதானே பேச்சு?"

"அது அப்ப" என்றார் ஸலாஹுதீன். "இப்ப நிலம வேற."

பௌசியா முன்னால் சாய்ந்தார். நெஞ்சில் வைத்திருந்த பெரிய யோசனை அப்போதுதான் வெளியே வந்தது. "இன்னொண்டும் ஹாஜியார். மகளுக்குக் கிடைச்ச அந்த எடம். கலியாணம் முடிச்சி புள்ள குட்டியெண்டு வந்தா அவவுக்கு அது என்னத்துக்கு? வீட்டையே புருஷன்ட கையில குடுக்கிறம். இந்த எடத்தயும் ஜுனைட்டுட பேருக்கு மாத்தித் தர ஏலாதா? காலிதீன் நானா, கொழும்புல உங்களுக்கு ஆள் இரிக்கிதானே?"

காலிதீன் வெட்கப்படவில்லை. வெட்கம் அவர் தொழிலுக்கு உதவாது. "கேட்டுப் பாக்கலாம்" என்றார்.

தளவாடம், நகை, வளவு, வீடு என்று வாங்கிப் பழகிய கைகளுக்கு, ஒரு பெண்ணின் தலைக்குள் இருப்பதும் சீதனச் சாமானாகத்தான் தெரிந்தது. கட்டிலைத் தூக்கிப் போவதுபோல அதையும் தூக்கிப் போய் மகனுக்குப் பொருத்திவிடலாம் என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். அதில் களவு இருக்கிறது என்ற நினைப்பே அவர்களுக்கு இல்லை.

எல்லாரும் ஹாஜியாரின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார். அதற்கு மேலே றாஹிலாவின் கம்பிகள் நின்றன. பேசி முடித்த கலியாணம் முறிந்தால் ஒன்றுக்கு இரண்டு பெண்கள் வீட்டில் இருப்பார்கள். தெருவில் சலாம் சொல்கிறவர்கள் சலாத்தோடு ஒரு கேள்வியும் கேட்பார்கள்.

"விசாரிச்சுப் பாப்பம்" என்றார்.

திரை விலகியது. ஸுஹைறா கூடத்துக்கு வந்து நின்றாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"மாமி, ஒரு கேள்வி. அவர் பாஸ் பண்ணினா மேல்வீடு வேணுமெண்டு பேசினீங்க."

"ஓம் மகள்."

"அவர் பாஸ் பண்ணல்ல. அதால மேல்வீடு வேணுமெண்டு இப்ப கேக்கிறீங்க."

"ஊர்ட வாய மூடணுமே மகள்."

"அப்ப அவர் பாஸ் பண்ணினாலும், பண்ணாட்டியும் உங்களுக்கு மேல்வீடு வேணும். அப்ப அந்தப் புள்ளய என்னத்துக்குச் சோதின எழுதப் போட்டு வதைச்சீங்க?"

வாசற்படியில் நின்ற ஜுனைட்டின் வாய் திறந்தது. கண்கள் விரிந்தன. அவன் தன்னை மறந்து சொன்னான்:

"ஈ."

"என்ன ஈ?" என்று ஸலாஹுதீன் அதட்டினார்.

"விடை ஈ வாப்பா. ரெண்டு கூற்றும் தேவையில்ல. விடை முன்னமே முடிவாகிட்டு." அவன் முகம் எண்ணெய்க் கையோடு இருக்கும்போது மலர்வதுபோல் மலர்ந்தது. "இப்பதான் விளங்குது."

"நீ வாய மூடு மனே!" என்றார் பௌசியா.

ஸுஹைறா வாப்பாவைப் பார்த்தாள். "வாப்பா, அந்த எடம் வீடில்ல, ஒப்பம் வச்சி ஒராளுட கையில குடுக்க. அது என்ட படிப்பு. நான் போறன். இந்தக் கலியாணம் எனக்கு வேணாம். கீழ்வீட்டயும் மேல்வீட்டயும் தங்கச்சிக்கே வைங்க. எனக்கு எஞ்சினியருக்கு மேல ஆரயும் தேடவும் வேணாம்."

"உள்ள போங்க மகள்" என்றார் ஹாஜியார், பலவீனமாக.

"உள்ளதான் இரிந்தன் வாப்பா, இவ்வளவு நாளும்."

அவள் போகவில்லை, அங்கேயே நின்றாள்.

அப்போது சல்மா உம்மா எழுந்தார். கலியாணம் முடித்த நாள் முதல் ஆண்கள் பேசும் இடத்தில் ஒரு சொல் சொல்லி அறியாதவர். அலுமாரியைத் திறந்து அன்றைக்கு வந்த அதே தட்டை எடுத்தார். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது இந்த ஊரில் வழக்கமில்லை. ஏதாவது வைத்துத்தான் அனுப்ப வேண்டும். அவர் மேசையிலிருந்த வினாத்தாள்களை அள்ளி அடுக்கினார். சிவப்பு நாடாவைக் கூட எறியாமல் வைத்திருந்தார். அதைக் கட்டினார். சரிகைத் துணியால் மூடி, பௌசியாவின் மடியில் வைத்தார்.

"அடுத்த முறைக்கு உதவும் மதினி" என்றார்.

ஹாஜியார் தடுக்கவில்லை. அவர் வாழ்நாளில் செய்த துணிச்சலான காரியம் அந்த ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான். அதையாவது செய்தாரே என்று இருக்க வேண்டியதுதான்.

ஸுஹைறா கல்லூரிக்குப் போனாள். ஊர் ஒரு மாதம் அதைப் பற்றியே கதைத்தது. பெண்ணுக்குத் திமிர் என்றது, தாய் வளர்த்த வளர்ப்பு என்றது, ஹாஜியாரைக் கண்டால் சிமெந்து விலையைப் பற்றி மட்டும் கேட்டது. பௌசியா அவளுக்கு ஒரு முறை அழைப்பெடுத்தார். மன்னிப்புக் கேட்க அல்ல. வேனில் பதிந்த பதிவில் ஒரு கேள்வியின் விடை பஸ் ஹோன் சத்தத்தில் கேட்கவில்லையாம். அதை மட்டும் திருப்பிச் சொல்ல முடியுமா என்று கேட்டார். ஸுஹைறா சொல்லிக் கொடுத்தாள். கணக்கோடு அவளுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஜுனைட் இரண்டாம் முறையும் எழுதினான், இரண்டாம் முறையும் தேறவில்லை. அந்த ஒரு கேள்விக்காவது 'ஈ' என்று சரியாக எழுதியிருப்பான் என்று நம்பலாம்.

நடந்ததிலிருந்து ஊர் பாடம் படித்தது. என்ன பாடம் என்பதுதான் கேவலம். ஒரு பெண் இவ்வளவு கணக்குப் போடுவாள் என்றால், அவளை நல்லபடி கட்டிவைத்தால் மாப்பிள்ளை கட்டாயம் தேறுவான் என்று மாப்பிள்ளை பெற்றவர்கள் கண்டுகொண்டார்கள். ஜுனைட் வீட்டார் கடைசி நேரத்தில் பேராசைப்பட்டுக் காரியத்தைக் கெடுத்துக்கொண்டார்கள் என்பது மட்டும்தான் அவர்களுடைய குறை. வீடு, வளவு, நகை என்ற வரிசையின் முடிவில் இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பெண்ணுக்குக் கணக்கு வர வேண்டும்.

சாதாரணதரப் பெறுபேறு வந்து றாஹிலா கணிதத்தில் ஏ எடுத்த கிழமையே காலிதீன் வந்துவிட்டார். கூரையில் நின்ற கம்பிகளை வாசலில் நின்றே ஒரு பார்வை பார்த்தார். ஹாஜியார் கடைக்குப் போயிருந்தார். சல்மா உம்மா கதவடியில் நின்றார்.

"ராத்தா, சாய்ந்தமருதுல நல்ல எடம் ஒண்டு. எஞ்சினியர் மாப்பிள்ள. இன்னும் சோதின எழுதல்ல, எழுதுவாரு. கைக்கூலி ஒரு சதம் வேணாமாம், மேல்வீடு மட்டும் போதுமாம். இப்பவே பேசி வச்சா நல்லம்." குரலைத் தாழ்த்தினார். "ஒண்டுதான் கேட்டு வரச் சொன்னாங்க. இவவுக்கும் கணக்கு நல்லா வருமா?"

உள்ளே மேசையில் றாஹிலா எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். பேனை நின்றது.

"வரும்" என்றார் சல்மா உம்மா. "அதாலதான் தர மாட்டம்."